இலையில் மூன்று கோடு

கடிதம் தோட்டத்து ஷெட் கதவில் குத்தியிருந்தது. மழை நனைக்காதபடி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நாலு மூலையிலும் ஊசி அழுத்தியிருந்தார்கள். மிகவும் பணிவான கடிதம். பணிவு கூடக் கூட விஷயம் மோசம் என்பது இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்ட பாலாம்பிகைக்குத் தெரியும்.

"வாசியும் பாப்பம்," என்றார் அவள் புருஷன் சபாரத்தினம். தோட்டத்துக்கு வரும்போது அவர் கண்ணாடி கொண்டு வருவதில்லை. மரத்தைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்பார்.

அவள் வாசித்தாள். மூன்று ஆப்பிள் மரங்களும் மஞ்சளாகி, இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கின்றன. பக்கத்துத் தோட்டத் துண்டுக்காரர்கள் தங்கள் மரங்களுக்கும் தொற்றிவிடும் என்று பயப்படுகிறார்கள். இலைகளில் நீலமாக ஏதோ படிந்திருக்கிறது. அது என்னவென்று தோட்டச் சங்கம் அறிய விரும்புகிறது. மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிறு, காலை பதினொரு மணிக்குச் செயலாளர் நேரில் பார்ப்பார். தேறாவிட்டால் மரங்களை அடியோடு வெட்டவேண்டும்.

"வெட்டுறதோ? ஆர் வெட்டுறது?"

"நாங்கள்தானாம். வெட்டாட்டில் துண்டை வேற ஆக்களுக்குக் குடுப்பினமாம்."

சபாரத்தினம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரங்களைச் சுற்றி நடந்தார். ரெய்னர்ஸ் லேன் தண்டவாளத்துக்குப் பின்னால், வேலியோரமாக இருந்தது அவர்களுடைய துண்டு. ரெயில் போகும்போதெல்லாம் இலைகள் ஒரு தரம் சிலிர்த்து அடங்கும். வைகாசி மாதம். மற்ற எல்லாத் துண்டுகளிலும் பச்சை பொங்கி வழிந்தது. இங்கே மட்டும் மூன்று மரங்களும் காமாலைக்காரர் மாதிரி நின்றன.

மூன்றும் புளி ஆப்பிள். சும்மா கடித்தால் பல் கூசும். ஆனால் பருப்புக்குள் போட்டால் மாங்காய் தோற்கும். பாலாம்பிகை அதில் சொதி வைப்பாள், தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைப்பாள், மிளகாய்த்தூள் போட்டு அச்சாறு போடுவாள். புரட்டாதி வந்தால் கோயில் ஆட்கள், பள்ளிக்கூடக் கன்ரீன் ஆட்கள் என்று எல்லோரும் வெறும் போத்தலோடு வருவார்கள். இந்த ஊரில் பத்துப் பேர் அவளைத் தேடி வரும் மாதம் அது ஒன்றுதான்.

"பங்கசு, பூஞ்சணம்," என்றார் சபாரத்தினம் தீர்ப்பாக. "மருந்து காணாது. இன்னொருக்கா மயில்துத்தம் அடிக்கோணும்."

"புள்ளி பங்கசுதான். மஞ்சள் அதால இல்லை."

"அப்ப எதால?"

"நரம்பெல்லாம் பச்சையாய்க் கிடக்கு, நடுவில மாத்திரம் மஞ்சள். பாருங்கோ. இது இரும்புக் குறை."

"மரத்துக்கு என்ன, அனீமியாவோ?"

"ஓம். அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோவன்."

"அப்ப முருங்கையிலை வறுத்துக் குடும்," என்று சிரித்துவிட்டு அவர் ஷெட்டுக்குள் போனார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. ஊரில், உரும்பிராயில், அவர் வீட்டில் முந்திரிகை என்கிற திராட்சைத் தோட்டம் இருந்தது. பத்து வயதிலேயே மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிக்கு அடித்தவர். அந்த நீலப் பளிங்கை ஒவ்வொரு ஊர்ப் பயணத்திலும் பால்மா டின்னுக்குள் போட்டுப் பெட்டியின் அடியில் கொண்டு வருவார். பெற்றோல் ஷெட்டில் காலை ஷிப்ட் முடிந்தால் நேரே தோட்டம். இந்தத் துண்டு கிடைத்த பதினொரு வருடத்தில் மரத்துக்கு என்ன செய்வது என்று அவர் அவளிடம் கேட்டதில்லை.

அவளும் சொன்னதில்லை. ஆனால் அவளும் ஒன்றும் தெரியாதவள் இல்லை. ஊரில் ஒரு மகளிர் கல்லூரியில் ஒன்பது வருடம் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவள். இடப்பக்கத் தட்டில் நீலப் போத்தல், செப்பு சல்பேற்று, அதுதான் மயில்துத்தம். வலப்பக்கத் தட்டில் வெளிர்பச்சைப் போத்தல், பெரசு சல்பேற்று. ஊரில் வைத்தியம் பார்க்கும் பரியாரியார் அன்னபேதி என்று சொல்லும் அதே இரும்பு உப்பு. சோதனைக் காலத்தில் பிள்ளைகள் இரண்டையும் மாற்றி வைத்துவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து சரியானதை எடுப்பாள் அவள். இங்கே பள்ளிக்கூடக் கன்ரீனில் அவளுடைய கைக்குக் கிடைத்தது உருளைக்கிழங்குக் கரண்டி.

திங்கட்கிழமை வேலை முடிந்து தோட்டச் சாமான் கடைக்குப் போனாள். புல்லுக்குள் வளரும் பாசியைக் கொல்ல என்று அடுக்கியிருந்த பெட்டிகளுக்குள் ஒன்றைத் திருப்பிப் பின்பக்கம் வாசித்தாள். பெரசு சல்பேற்று, சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளாகும் செடிகளுக்கும் இலையில் தெளிக்கலாம் என்று போட்டிருந்தது. அன்னபேதி! பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, தட்டில் இருந்தது. பெட்டியை அணைத்துக்கொண்டு காசு கட்டப் போனாள்.

அன்று இரவுச் சமையல் முடிந்ததும் கண்ணாடிப் போத்தலில் பைப் தண்ணீர் பிடித்து, ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கினாள். இளம்பச்சையாகக் கரைந்தது. யன்னலோரம் வைத்துவிட்டுப் படுத்தாள். விடியப் பார்த்தால் போத்தலுக்குள் பால் விடாத பிளேன்ரீ மாதிரித் தண்ணீர் நின்றது. அடியில் துருப்பிடித்த சேறு.

"உமக்கு ரீ போடக்கூடத் தெரியாமல் போச்சே," என்றார் சபாரத்தினம், சப்பாத்துப் போட்டுக்கொண்டு.

கேத்திலைத் திறந்து தண்ணீர் விடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கேத்திலின் அடியில் வெள்ளையாக, தடிப்பாக, ஓடு கட்டியிருந்தது. மாதத்துக்கு ஒரு தரம் வினாகிரி விட்டுக் கழுவுவது அவள்தான். இருபத்திரண்டு வருடமாகக் கழுவுகிறாள். இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"சுண்ணாம்பு," என்றாள் தனக்குள். "தண்ணியே சுண்ணாம்பு. அதுதான் இரும்பைத் துருவாக்கிப்போடுது."

அன்றைக்கு அவளுக்கு பஸ் தவறிப்போனது. தவறியதை அவள் கவனிக்கவும் இல்லை.

அதன் பிறகு வேலை கடகடவென்று நடந்தது. ஷெட்டின் பின்னால் மழைத்தண்ணீர் பிடிக்கும் பரல் இருந்தது. அந்தத் தண்ணீர் ஒரு லீற்றர், அன்னபேதி ஒரு தேக்கரண்டி, அரைத் தேசிக்காயின் புளி. மூன்று நாள் வைத்துப் பார்த்தாள். போத்தல் பச்சையாகவே இருந்தது.

சனிக்கிழமை சபாரத்தினம் வெங்காயப் பாத்தியில் குனிந்திருந்த நேரம், அவள் ஷெட்டுக்குப் பின்னால் போனாள். மூன்றாவது மரத்தின் பதிந்த கிளையொன்று அங்கே நீட்டிக்கொண்டிருந்தது. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியைப் போத்தலுக்குள் தோய்த்து, மஞ்சள் இலையொன்றில் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. ஒரு தரம் வந்தால் தற்செயல், இரண்டு தரம் வந்தால் சந்தேகம், மூன்று தரம் வந்தால் எழுது என்று கல்லூரியில் இரசாயன ரீச்சர் சொல்லுவா. அப்படி ஐந்து இலைகள்.

"இலைக்கும் திருநீறு பூசத் துவங்கிட்டியளோ அக்கா?"

வேலிக்கு மேலால் மேரிசாந்தியின் தலை தெரிந்தது. பக்கத்துத் துண்டுக்காரி, மன்னார்ப் பெண். மூக்கில் ரோஸ் நிறக் கண்ணாடி. வாயில் எப்போதும் ஏதாவது மெல்லுவாள்.

"சத்தம் போடாதையும். பங்குத்தந்தை திருமுழுக்குக் குடுக்கிற மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளும்."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா திட்டுவார்."

"அப்ப நான் ஒண்டும் காணேல்லை," என்று மேரிசாந்தி கண்ணாடியைக் கழற்றினாள்.

அடுத்த நாலு நாளும் பாலாம்பிகை ஓடி ஓடி வந்து பார்த்தாள். ஞாயிறு, ஒன்றுமில்லை. திங்கள், ஒன்றுமில்லை. செவ்வாய், ஏதோ இருப்பது போல் இருந்தது, ஆசைப்படுகிற கண்ணை நம்பக்கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். புதன் முழுக்க மழை. வியாழக்கிழமை பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். இருக்க இடம் இருந்தும் இருக்க முடியவில்லை.

மஞ்சள் இலையில் மூன்று பச்சைக் கோடுகள்.

ஒன்றில் மட்டுமில்லை, ஐந்து இலைகளிலும். மஞ்சள் தாளில் பேனையால் இழுத்தது போல், ஓரம் கொஞ்சம் சிதறி, நடுவில் நல்ல கடும் பச்சை. அவள் கத்தவில்லை. கத்த வராது அவளுக்கு. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே இரண்டு தரம் துள்ளினாள்.

அப்போதுதான் ஷெட்டின் மறுபக்கத்தில் கடக், கடக் என்று தடியால் வாளியைக் கிண்டும் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு வாசம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். சபாரத்தினம் பிளாஸ்டிக் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் பால்மா டின் திறந்து கிடந்தது. வாளிக்குள் வானத்து நீலம். கையில் பழைய இரும்புக் கத்தி. அதைக் கலவைக்குள் விட்டு எடுத்து, அலகைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அலகில் செம்பு ஏறிச் சிவந்தால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம். சிவக்கவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கைப்பிடி சுண்ணாம்பு அள்ளிப் போட்டார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"மஞ்சள் கூடிப்போச்சு. இண்டைக்கு அடிச்சால் பத்து நாளில தெளியும்."

"நீலம் என்னெண்டு கேட்டு எழுதியிருக்கினம். திரும்ப நீலமாய் நிண்டால் மரத்தோட துண்டும் போகும்."

"மரம் பிழைச்சால் ஒருத்தரும் கேளார். விலத்தும்."

"முதல் ஒருக்கா வந்து ஒண்டைப் பாருங்கோ."

"இதை அடிச்சுப்போட்டு வாறன்."

அவர் மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு எழும்பினார். பாலாம்பிகை போய் மரத்துக்கு முன்னால் நின்றாள். கன்ரீன் வெள்ளை அங்கி இன்னும் மேலில் இருந்தது. இரண்டு கையையும் விரித்தாள்.

"அப்ப எனக்கு மேல அடியுங்கோ."

"என்ன?"

"அடியுங்கோ எண்டுறன். நான் விலத்த மாட்டன்."

வேலிக்கு அங்கால் மெல்லுகிற சத்தம் நின்றது. ரெயில் ஒன்று வந்து போனது. சபாரத்தினம் குழாயைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். முப்பது வருட மணவாழ்க்கையில் இப்படி ஒரு பாலாம்பிகையை அவர் கண்டதில்லை. மெல்ல டாங்கியை இறக்கி வைத்தார்.

"சரி. எங்க, காட்டும்."

ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் இலையைக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கினார், விரித்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"கண்ணாடி போட்டால்தானே தெரியும்! மேரிசாந்தி, உம்மட கண்ணாடியை ஒருக்காத் தாரும்."

ரோஸ் நிறக் கண்ணாடி வேலிக்கு மேலால் வந்தது. சபாரத்தினம் அதைப் போட்டுக்கொண்டு இலைக்குக் கிட்டக் குனிந்தார்.

"பெயின்ற் அடிச்சிருக்கிறீர்."

"தேச்சுப் பாருங்கோ."

விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். அங்கேயும் பச்சை மெல்லிதாக ஊறியிருந்தது. அடுத்த இலை. அதற்கடுத்த இலை.

"எல்லாத்திலயும் மூண்டு," என்றார், குரல் இறங்கி.

"தொட்ட இடம் பச்சை, தொடாத இடம் மஞ்சள். இரும்பு இல்லாமல்தான் வாடுது."

"மண்ணில இரும்பு இல்லையோ? தோண்டினால் ஆணியும் தகரமும்தானே வருது."

"இருக்கு. மரத்தால எடுக்க ஏலாமல் கிடக்கு. ஏனெண்டு இப்ப பாருங்கோ."

அங்கிப் பைக்குள் கையை விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மீனும் சிப்ஸும் கொடுக்கும்போது மிஞ்சும் வினாகிரிப் பைக்கற்றுகள் அதற்குள் எப்போதும் நாலைந்து கிடக்கும். ஒன்றைப் பல்லால் கிழித்து மரத்தின் அடி மண்ணில் ஊற்றினாள்.

மண் சீறியது. சோடாப் போத்தல் திறந்தது போல் நுரைத்துக் குமிழி விட்டது.

"சேசுவே!" என்றாள் மேரிசாந்தி.

இன்னொன்றைக் கிழித்து நடைபாதை மண்ணில் ஊற்றினாள். சும்மா ஊறிப் போனது. "சீறுறது சுண்ணாம்பு, அதுதான் இரும்பைப் பூட்டி வைச்சிருக்கு," என்றாள்.

சபாரத்தினம் நுரையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மரத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தார். இடுப்பளவுக்கு வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முதல் நாள் அவர் தன் கையால் அடிப்பது. பனி விழும்போது கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு அடித்திருக்கிறார். வாளியில் மிஞ்சுகிறதை வீணாக்காமல் மரத்தின் அடியிலேயே கவிழ்ப்பார்.

"கறையானுக்கு அடிச்சனான்," என்றார் மெதுவாக. "ஊரில தென்னைக்கு அப்பிடித்தான்..."

"பதினொரு பொங்கல்."

"ஓம்."

"இஞ்ச ஒரு கறையானை எண்டாலும் கண்டியளோ?"

"அதுக்கு வீசா கிடைச்சிராது அண்ணை," என்றாள் மேரிசாந்தி.

பாலாம்பிகைக்குப் பயம் வந்தது. அவர் கோபிப்பார், டாங்கியைத் தூக்கி எறிவார், ஒரு கிழமை பேசமாட்டார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையை நீட்டினார்.

"இன்னும் ஒரு பைக்கற் இருக்கோ?"

கொடுத்தாள். இரண்டாவது மரத்தடியில் ஊற்றினார். சீறியது. "இஞ்சயும்!" இன்னொன்று வாங்கி வெங்காயப் பாத்தியில் ஊற்றிக் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். "இஞ்ச இல்லை! இஞ்ச சத்தமில்லை!" மேரிசாந்தி தன் ஷெட்டிலிருந்து ஒரு போத்தல் வினாகிரியே கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பத்தெட்டு வயது மனிதர் ரோஸ் நிறக் கண்ணாடியோடு துண்டு முழுக்க முழங்காலில் தவழ்ந்து, ஊற்றி ஊற்றி, "சீறுது... சீறேல்லை... சீறுது!" என்று கூவிக்கொண்டிருந்தார். பாலாம்பிகை அங்கியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று மாலையே வேலை துவங்கியது. வானம் மூடியிருந்தது, நல்லது, வெயிலில் தெளித்தால் இலை கருகும். டாங்கியை மூன்று தரம் கழுவினார்கள். பரலில் இருந்து தண்ணீர், அளந்து அன்னபேதி, மேரிசாந்தி வீட்டுத் தேசிக்காய் எட்டு. கை எட்டிய இடமெல்லாம் தெளித்தார்கள். வெள்ளை அங்கியில் அங்கங்கே துருப்புள்ளி விழுந்தது, அது பிறகு எத்தனை தோய்த்தும் போகவில்லை.

அடுத்த ஒன்பது நாளும் ஷிப்ட் முடிய ஷிப்ட் முடிய வந்தார்கள். தும்புக்கட்டையால் மரத்தின் சுண்ணாம்பை உரசி எடுத்தார்கள். அடி மண்ணில் ஒரு சாண் அள்ளி மாற்றினார்கள். கறுப்புப் புள்ளிக்காக, உதிர்ந்து கிடந்த பழைய இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டினார்கள். பங்கசு பனிக்காலத்தில் படுத்திருப்பது அதற்குள்தான். புட்டும் நெத்தலிப் பொரியலும் ஷெட் வாசலில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் சபாரத்தினம் வந்தவுடன் முதலில் பார்ப்பது இலையை. "பாலா, பச்சை கூடியிருக்கு! நேற்றையை விடக் கூடியிருக்கு!" கண்ணாடியை இப்போது கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் செயலாளர் மிஸ்ஸிஸ் ஹார்ப்பர் வந்தா. உயரமான மனுசி, கையில் கோப்பு, காலடியில் ஒரு சின்ன நாய். மூன்று மரங்களும் கை எட்டிய உயரம் வரைக்கும் பச்சை. அதற்கு மேலே, டாங்கி எட்டாத உச்சியில், இன்னும் மஞ்சள். பாதியில் சாயம் விட்ட தலைமயிர் மாதிரி இருந்தது. இரவு முழுக்கப் பாடமாக்கிய ஆங்கிலம் பாலாம்பிகைக்கு மறந்துபோனது.

மிஸ்ஸிஸ் ஹார்ப்பர் மரங்களைச் சுற்றி வந்தா. கீழ் இலைகளைப் பிடித்துப் பார்த்தா. உச்சியைப் பார்த்தா. எழுதினா. பிறகு திரும்பி, நல்ல முன்னேற்றம், ஆனால் கடிதத்தில் கேட்ட அந்த நீலம் என்ன என்று கேட்டா.

ஒன்றும் சொல்லாதேயுங்கோ என்று பாலாம்பிகை புருஷனின் கையைச் சுரண்டினாள். போன தெளிப்பின் நீலம் மழையில் கழுவுப்பட்டுப் போய்விட்டது. தெரியாது என்று சொன்னால் முடிந்தது.

சபாரத்தினம் ஷெட்டுக்குள் போனார். பால்மா டின்னோடு திரும்பி வந்து மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே நீலப் பளிங்கு மினுங்கியது. மிஸ்ஸிஸ் ஹார்ப்பரின் முகம் இறுகியது. செப்பு மருந்து இங்கே வீட்டுத்தோட்டங்களுக்கு அனுமதியில்லை, தெரியுமா என்று கேட்டா.

சபாரத்தினம் தன் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"புளூ, மை மிஸ்ரேக். வைற், மை மிஸ்ரேக். கிறீன்..." திரும்பிப் பாலாம்பிகையைக் காட்டினார். "கிறீன் இஸ் மை வைஃப்."

மிஸ்ஸிஸ் ஹார்ப்பர் அவளைப் பார்த்தா. எப்படி என்று கேட்டா. பாலாம்பிகை கையால் வரச் சொன்னாள். முன்னால் நடந்தாள், ஷெட்டுக்குப் பின்னால், பதிந்த கிளைக்கு. அந்த ஐந்து இலைகளில் மட்டும் அவள் மருந்து தெளிக்க விடவில்லை. பொலித்தீன் பையால் மூடிக் காப்பாற்றி வைத்திருந்தாள். மஞ்சளில் மூன்று பச்சைக் கோடுகள். மிஸ்ஸிஸ் ஹார்ப்பர் குனிந்தா. விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தா. சபாரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று மரங்களும் நிற்கலாம். டின் நாளைக்கே கவுன்சிலின் நச்சுக்கழிவு எடுக்கும் இடத்துக்குப் போகவேண்டும். இலை கொட்டுகிற காலத்தில் திரும்ப வந்து பார்ப்பா. எல்லாம் கோப்பில் எழுதிக் கையெழுத்து வைத்து, போகிற போக்கில் நின்று, பதினாலாம் துண்டில் தன்னுடைய பேயர்ஸ் பழமரம் ஒன்று மஞ்சளாக நிற்கிறது, நேரம் இருந்தால் வந்து ஒரு கோடு போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டா. "யெஸ்," என்றாள் பாலாம்பிகை. அன்றைக்கு அவள் பேசிய ஆங்கிலம் அவ்வளவுதான்.

வேலிக்கு அங்காலிருந்து மேரிசாந்தி கைதட்டினாள். "அக்கா, அச்சாறில முதல் போத்தல் எனக்கு! இப்பவே சொல்லிப்போட்டன்!"

பாலாம்பிகை ஷெட் வாசலில் குந்தியிருந்து பிளாஸ்கைத் திறந்தாள். கோப்பையில் ரீயை ஊற்றினாள். மரத்தடியில் சபாரத்தினம் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார். உச்சி மஞ்சளை அப்படியே விட அவருக்கு மனமில்லை. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி நடந்தவர் நின்றார். ஒரு பக்கம் பைப். ஒரு பக்கம் பரல்.

"இஞ்சேர்."

"என்ன?"

"எந்தத் தண்ணி பிடிக்க? பைப்போ, மழையோ?"

அவருக்குத் தெரியும். ஒன்பது நாளாக அவரேதான் பிடித்துத் தந்தார். பாலாம்பிகை கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மழை," என்றாள்.

"உப்பு?"

"ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. தட்டி எடுங்கோ, குவிச்சு எடுக்கக்கூடாது. நில்லுங்கோ, நான் வாறன்."